பக்கம் பதினொன்று: கிளைகளை இணைத்தல்

கிளையை இணைக்க எங்கள் கருவியில் ஐந்து வழிகள்.
நான் உட்கார்ந்து எழுதுவதும் அஞ்சு ரோட்டில்,
மூன்றாவது மாடி, மேம்பாலத்தின் தோளுயரம்.
இதை உவமையாக்குவதில்லை என்று
முதல் நாளே முடிவெடுத்தேன்.
கையேட்டில் உவமை கூடாது.

முதல் வழி எளிது.
நீ பிரிந்துபோன பின் மூலக்கிளையை
யாரும் தொடவில்லையென்றால்
பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி
உன் கடைசிப் புள்ளியில் மாட்டிவிடும்.
பிரிந்ததற்கே தடயம் இருக்காது.

இரண்டாவது, நேரே போக வழியிருந்தும்
ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போவது:
ஒருத்தி இங்கே விலகினாள், இங்கே திரும்பி வந்தாள்.
மணவாளன் சிவப்பில் குறித்திருந்தார்,
"ஒருத்தி வேண்டாம். 'பயனர்' என்று போடுங்கள்."
போட்டேன்.

மூன்றாவதற்குப் பெயர் கிடைக்க
ஒரு வாரம்.
நசுக்கு என்றால் கொசு.
பிழி என்றால் துணி.
சுருக்கு என்று வைத்தேன்.
கயிற்றில் போடுவதும் அதே சொல்தான்,
யாரும் கவனிக்கவில்லை.

சோதித்துப் பார்க்க ஆக்னஸின் கிளையை நகலெடுத்தேன்.
ஏற்காட்டில், நாகலூர் பக்கம்,
வீட்டிலிருந்தே எட்டு மாதம் எழுதியது.
நாற்பத்தொரு பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு:
"தேதிப் பிழை சரி."
"மறுபடியும் தேதிப் பிழை."
"கரண்ட் போச்சு, பாதியில வைக்கிறேன்."
"பனி. டவர் இல்ல. நாளைக்கு."
"ஓடுது. ஏன்னு தெரியல. கை வைக்காதீங்க."
கட்டளையைத் தட்டினேன்.
நாற்பத்தொன்றும் ஒன்றாகி நின்றன,
எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரோடு.

மஞ்சள் கட்டத்துக்குள் எச்சரிக்கை எழுதினேன்:
சுருக்கிய பின் இடைப்பதிவுகள்
மூலக்கிளையில் தெரியாது.
ஜூனில் அவள் வேலையை விட்டாள்.
மடிக்கணினி மட்டும் பஸ்ஸில் மலையிறங்கி வந்தது,
விசைகளுக்கிடையில் காப்பிக்கொட்டை வாசனை.

நான்காவது, கிளையை அடியோடு பெயர்த்து
மூலத்தின் நுனியில் வைப்பது.
ஒட்டுமாங்கன்று என்று எழுதி, அடித்தேன்.
அதே வரிசை, அதே குறிப்புகள்,
அடையாள எண்கள் மட்டும் வேறு.
அவை அவையல்ல. அவை போன்றவை.

ஐந்தாவதில் மூன்று நாளாக நிற்கிறேன்.
ஒரே வரியை இருவர் இருவிதமாய் எழுதியிருந்தால்
யார் பக்கம் எடுப்பதென்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.
ஒரு பக்கம் அவர்களுடையது, சரி.
இன்னொரு பக்கம்?
நம்முடையது என்றால் அவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள்.
எங்களுடையது என்றால்
படிக்கிறவர் வாசலில் நிற்கிறார்.
இரண்டில் ஒன்றைச் சொல்லாமல்
இந்த மொழி நகரவிடாது.

போதாததற்கு, நான்காவது வழியில் போகும்போது
இரண்டும் இடம் மாறிவிடும்:
நீ எழுதியது அவர்களுடையதாகும்,
அவர்கள் எழுதியது உன்னுடையதாகும்.
பிழையல்ல, அப்படித்தான், என்றார் மணவாளன்.
பலகையில் அம்புகள் வரைந்து காட்டினார்.
புரிந்தது.
கீழே போய் டீ குடிக்கும்போது புரியவில்லை.

மிச்சம் ஒரு பத்தி:
எதையும் சொல்லாவிட்டால் கருவி எதைச் செய்யும்?
"மூன்றாவது. வரலாறு சுத்தமா இருக்கும்."
எழுதினேன். அது அவர் முடிவு.
எடுத்துக்காட்டுகள் என் முடிவு.
இரண்டாவது வழிக்குக் கீழே
பனியையும் டவரையும் அப்படியே ஒட்டினேன்,
பக்கத்தில் பெயர்: ஆக்னஸ்.
அவர் பார்த்தார். சிவப்பை எடுக்கவில்லை.

வடக்கு ஜன்னலில் சேர்வராயன் பாதி மறைந்திருக்கிறது,
அங்கே மழை. இங்கே ஹாரன்.
இந்தக் கையேடும் ஒரு கிளையில்தான் இருக்கிறது;
இன்றைக்கு இணைத்தாக வேண்டும்.
முடிச்சுப் போடும் வழியைக் கேட்டு வாங்கினேன்.
குறிப்பு எழுதச் சொல்லிக் கண்சிமிட்டியது திரை.

"எங்களுடையது என்றே வைத்திருக்கிறேன்.
ஏன்னு தெரியல.
கை வைக்காதீங்க."